மறுபக்கத்தையும் கேள்

மான்குர்த் இரயில் நிலையத்தில் காலை வண்டிக்குக் காத்து நிற்போருள் சிலர், நெகிழி உறை ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பதைக் காணலாம். குர்லா நீதிமன்றத்துக்கோ, மாநகராட்சி அலுவலகத்துக்கோ, வழக்கறிஞர் இல்லத்துக்கோ செல்பவர்கள் அவர்கள். அவ்வுறைக்குள் பல மொழிகள் அடங்கிக் கிடக்கின்றன. ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சான்றிதழ் தமிழில் இருக்கும். குடும்ப அட்டையும் மாநகராட்சி அறிவிப்பும் மராத்தியில் இருக்கும். மனுவின் நகல் ஆங்கிலத்தில் இருக்கும். ஆயினும் அவர்தம் வழக்கின் போக்கை முடிவு செய்யும் சொற்கள் இம்மூன்று மொழிகளுள் எதையும் சேர்ந்தவையல்ல. அஃபிடவிட், எக்ஸ் பார்ட்டி, ஸ்டேட்டஸ் கோ, கேவியட் என்பன ஆங்கிலேயர் வாயிலாக நம்மை வந்தடைந்தவையேயன்றி ஆங்கிலச் சொற்கள் அல்ல. அவை இலத்தீன். பேசுவாரற்றுப் போன மொழி என்று சொல்லப்படும் அம்மொழி, நீதிமன்ற வளாகத்தில் மட்டும் இன்னும் உயிரோடு உலவுகின்றது.

இச்சொற்களின் வரலாற்றை நாம் ஆராயப் புகுவது புலமை காட்டுதற்கன்று. இவற்றுள் ஒரு சொற்றொடர், பிழைப்புத் தேடி இந்நகருக்கு வந்த தமிழர் பலரின் கூரையைத் தாங்கி நின்றிருக்கின்றது. தாங்கமாட்டாமல் சில வேளைகளில் கைவிட்டும் இருக்கின்றது. அந்தக் கதையை அறிந்துகொள்ள, முதலில் சொற்களின் பொருளைச் சிறிது பார்த்தல் வேண்டும்.

நமக்கு மிகப் பழகிய சொல் அஃபிடவிட். முத்திரைத்தாளில் தட்டச்சு செய்து, கையெழுத்திட்டு, அலுவலரிடம் ஒப்பம் பெறும் தாளுக்கு அது பெயர் என்றே நாம் எண்ணியிருக்கிறோம். உண்மையில் அது ஒரு வினைமுற்று: ‘அவர் உறுதி மொழிந்திருக்கிறார்’ என்பதே அதன் பொருள். மாண்டாமஸ் என்பதும் அவ்வாறே ஒரு வினைமுற்றுத்தான். ‘கட்டளையிடுகிறோம்’ என்று அரசன் தன்னைப் பன்மையில் வைத்துப் பேசும் பேச்சு அது. ஆங்கிலத்தில் இதைச் சொல்ல இரண்டு சொற்கள் வேண்டும். இலத்தீனிலும் தமிழிலும் ஒன்றே போதும். யார் செய்கிறார் என்பதை வினையின் விகுதியே காட்டிவிடும். ‘மாண்டாமஸ்’ என்பதன் இறுதியில் நிற்கும் ‘மஸ்’, நம் ‘இடுகிறோம்’ என்பதில் நிற்கும் ‘ஓம்’ விகுதியின் வேலையைத்தான் செய்கின்றது. இரு மொழிகளும் உறவினவல்ல. எனினும் ஆங்கில அகராதியின் துணையின்றித் தமிழிலிருந்தே நேராக இச்சொற்களை விளங்கிக்கொள்ள நம்மால் முடியும் என்பது மகிழ்ச்சி தருவதொன்று.

ஹேபியஸ் கார்ப்பஸ் என்பதில் ‘கார்ப்பஸ்’ உடல். ‘ஹேபியஸ்’ என்பது ‘கொண்டிருப்பாயாக’ என்னும் வியங்கோள். ஒருவரைப் பிடித்து வைத்திருப்பவனை நோக்கி, ‘அவர் உடலைக் கொண்டுவந்து எம்முன் நிறுத்துவாயாக, எக்காரணத்தால் பிடித்தாய் என்றும் சொல்வாயாக’ என்று நீதிமன்றம் இடும் ஆணை அது. தமிழில் ஆட்கொணர்வு ஆணை என்கிறோம். குவோ வாரண்டோ என்பதோ ஒரு வினா: ‘எந்த உரிமையால்?’ பதவியில் அமர்ந்திருப்பவனைப் பார்த்துக் கேட்கப்படுவது. பங்கீட்டுக் கடை வரிசையில் நிற்கும் நம் பெண்கள் நாள்தோறும் இதே வினாவை இதைவிடக் கூர்மையாகக் கேட்பதை நாம் கேட்டிருக்கிறோம்.

இனி, இம்மொழி நீதிமன்றத்துக்குள் புகுந்த வரலாறு. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னர், அந்நாட்டு நீதிமன்றப் பதிவுகள் இலத்தீனில் எழுதப்பட்டன. குடியானவனுக்குத் தன்மேல் தொடுக்கப்பட்ட வழக்கு இன்னதென்றே விளங்காத நிலை நூற்றாண்டுகள் நீடித்தது. 1731-இல் பாராளுமன்றம் ஒரு சட்டம் செய்து, 1733 முதல் நீதிமன்ற நடவடிக்கைகள் யாவும் ஆங்கிலத்திலேயே நிகழவேண்டும் என்று விதித்தது. ஆயினும் பேராணைகளின் பெயர்களும் வழக்காற்றில் ஊறிய சில தொடர்களும் மட்டும் பழைய உருவிலேயே தங்கிவிட்டன. அவ்வாறு எஞ்சிய சொற்களே கப்பலேறிச் சென்னைக்கும் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் வந்தன. 1726-ஆம் ஆண்டு அரச சாசனம் இம்மூன்று நகரங்களிலும் மேயர் நீதிமன்றங்களை அமைத்தது. பின்னர் உச்ச நீதிமன்றங்களும், 1862-இல் உயர் நீதிமன்றங்களும் எழுந்தன.

வேடிக்கை என்னவெனில், இச்சொற்களை நமக்கு அனுப்பிய நாடு அவற்றைக் களைந்துவிட்டது. 1999-இல் நடைமுறைக்கு வந்த புதிய உரிமையியல் விதிகள் இங்கிலாந்து நீதிமன்றங்களிலிருந்து இலத்தீனைப் பெரிதும் வெளியேற்றின. எக்ஸ் பார்ட்டி என்பது அங்கே இப்பொழுது ‘அறிவிப்பின்றி’ என்றாகிவிட்டது. மாண்டாமஸ், ‘கட்டாய ஆணை’ ஆகிவிட்டது. நம் அரசியலமைப்போ ஹேபியஸ் கார்ப்பஸ், மாண்டாமஸ், குவோ வாரண்டோ, செர்ஷியோராரி என்னும் பெயர்களை 32, 226 ஆகிய உறுப்புக்களில் எழுத்தோடு எழுத்தாகப் பொறித்து வைத்திருக்கிறது. 32-ஆம் உறுப்பே அரசியலமைப்பின் இதயமும் ஆன்மாவும் ஆகும் என்று டாக்டர் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் 1948-இல் உரைத்தார். அவ்விதயத்துக்குள் இலத்தீன் துடிக்கிறது.

பம்பாயில் ஹேபியஸ் கார்ப்பஸ் ஒரு முறை ஆட்சியையே உலுக்கியிருக்கிறது. 1828-இல் நிகழ்ந்தது அது. பேஷ்வாவின் நாடு கும்பினியார் கைக்கு வந்து பத்தாண்டுகளே ஆகியிருந்தன. புனாவில் மோரோ ரகுநாத் என்னும் சிறுவனை, செல்வாக்குள்ள மூத்த உறவினர் ஒருவர் தம் இல்லத்தில் அடைத்து வைத்திருப்பதாகப் பம்பாய் உச்ச நீதிமன்றத்தில் முறையீடு வந்தது. அதே ஆண்டில், தாணே சிறையிலிருந்த பாபு கணேஷ் என்பவருக்காகவும் ஒரு முறையீடு வந்தது. இரண்டிலும் நீதிமன்றம் ஆட்கொணர்வு ஆணை பிறப்பித்தது. ஆளுநர் சர் ஜான் மால்கம் சினங்கொண்டார். நாட்டுப் பெருமக்களின் இல்லங்களிலும் கும்பினியின் உள்நாட்டுச் சிறைகளிலும் அரசரின் நீதிமன்றம் கை நீட்டினால் ஆட்சி நடவாது என்பது அவர் வாதம். ஆணையை நிறைவேற்ற உதவமாட்டோம் என்று நீதிபதிகளுக்கே எழுதிவிட்டார்.

அவ்வாண்டில் மூன்று நீதிபதிகளுள் இருவர் அடுத்தடுத்து இறந்துபோக, சர் ஜான் பீட்டர் கிராண்ட் ஒருவரே எஞ்சியிருந்தார். தம் ஆணைக்கு அரசே பணியாவிடில் நீதிமன்றம் எதற்கு என்று, 1829 ஏப்ரலில் அவர் நீதிமன்றத்தின் கதவுகளை அடைத்துவிட்டார். நீதிபதி ஒருவர் அரசை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார் என்றே இதனைச் சொல்லலாம். வழக்கு இலண்டனுக்குச் சென்றது. பிரிவி கவுன்சில் ஆளுநர் பக்கம் தீர்ப்பளித்தது: பம்பாய் உச்ச நீதிமன்றத்தின் ஆட்கொணர்வு ஆணை, அந்நகரின் எல்லைக்கு அப்பால் நாட்டு மக்கள்பாற் செல்லாது, உள்நாட்டு நீதிமன்றங்களின் சிறைக்காவலரையும் அது கட்டுப்படுத்தாது.

இத்தீர்ப்பை நாம் இருக்கும் இடத்திலிருந்து நோக்குதல் நன்று. அக்காலத்துப் பம்பாய் என்பது தீவு மட்டுமே. மான்குர்த் அத்தீவைச் சேர்ந்ததன்று; தாணேயைப் போலவே சாஷ்டிப் பகுதியைச் சேர்ந்த சிற்றூராக இருந்தது. ஆக, ‘உடலைக் கொண்டுவருவாயாக’ என்னும் ஆணை கோட்டை நீதிமன்றத்திலிருந்து புறப்பட்டால், மாகிம் கடற்கழியோடு நின்றுவிடும். இவ்வுரிமைச் சொற்கள் எல்லார்க்கும் பொதுவாக இறங்கி வந்தவையல்ல. எல்லை போட்டு, ஆள் பார்த்துத் தரப்பட்டவை. 1950-இல் அரசியலமைப்புத்தான் அந்த வேலியைப் பிடுங்கி எறிந்தது.

பிடுங்கிய வேலி மீண்டும் நடப்பட்ட காலமும் உண்டு. அதற்கு மான்குர்த்தே சான்று.

மான்குர்த்தில், அணு ஆராய்ச்சி நிலையத்தையடுத்து ஜனதா காலனி என்றொரு குடியிருப்பு இருந்தது. நகரின் பிற இடங்களிலிருந்து அகற்றப்பட்ட ஏழை மக்களை மாநகராட்சியே கொண்டுவந்து அமர்த்திய இடம் அது. சேற்றையும் புதரையும் அம்மக்கள் ஊராக்கினார்கள். தமிழர் பலர் அங்கு வாழ்ந்தனர். கோலார் தங்கவயலில் 1947-இல் பிறந்து, 1960-களில் பம்பாய் வந்து சேர்ந்த ஜோக்கின் அற்புதம் என்னும் தச்சுத் தொழிலாளியும் அவர்களுள் ஒருவர். குப்பை அள்ளப்படாததைக் கண்டு, சிறுவர்களைத் திரட்டி அக்குப்பையை மாநகராட்சி அலுவலக வாயிலிலேயே கொட்டச் செய்தவர் அவர். பிற்காலத்தில், 2000-ஆம் ஆண்டில், மகசேசே விருது அவரைத் தேடி வந்தது, 2018-இல் மறைந்தார்.

அணு ஆராய்ச்சி நிலையத்துக்கு அந்நிலம் வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது, சட்டவழியிலும் தெருவழியிலும் பல ஆண்டுகள் போராட்டம் நடந்தது. தில்லி வரை சென்று பாராளுமன்றத்தின் முன் அமர்ந்து முறையிட்டார்கள். பின்னர் 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தது. 1976 ஏப்ரல் 28-ஆம் நாள், ஜபல்பூர் வழக்கு என்று நாடறிந்த வழக்கில், உச்ச நீதிமன்றம் நால்வர்க்கு ஒருவர் என்ற கணக்கில் ஒரு தீர்ப்பு வழங்கியது. நெருக்கடி நிலைக் கட்டளை நடைமுறையிலிருக்கும் வரை, காவலில் வைக்கப்பட்டவர் யாருக்கும் ஹேபியஸ் கார்ப்பஸ் வேண்டி உயர் நீதிமன்றத்தை அணுக ‘லோகஸ் ஸ்டாண்டை’ இல்லை என்பது அது. நீதிபதி எச். ஆர். கன்னா ஒருவர் மட்டுமே மாறுபட்டார். மறு ஆண்டு அவருக்கு முறைப்படி வந்திருக்கவேண்டிய தலைமை நீதிபதிப் பதவி வேறொருவர்க்குச் சென்றது.

அத்தீர்ப்பு வந்த பத்தொன்பதாம் நாள், 1976 மே 17 அன்று, ஜனதா காலனி இடிக்கப்பட்டது. ஏறத்தாழ எழுபதாயிரம் பேர் என்று சொல்லப்படும் அம்மக்கள், கழிமுகத்தை ஒட்டிய சீட்டா கேம்ப் என்னும் இடத்துக்குப் பெயர்க்கப்பட்டனர். இரண்டும் வெவ்வேறு வழக்குகள்; ஒன்றால் மற்றொன்று விளைந்தது என்று நாம் கூறவில்லை. ஆனால் காவலில் இருப்பவனுக்கே நீதிமன்றக் கதவு அடைக்கப்பட்ட மாதத்தில், குடிசையை இழப்பவனுக்கு எந்தக் கதவு திறந்திருக்கும் என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கலாம். இன்று டிராம்பேப் பக்கம் பேருந்தில் செல்வோர் சீட்டா கேம்ப் தெருக்களில் தமிழைக் கேட்கின்றனர். அத்தமிழ் அங்கு வந்த வழி இதுதான்.

‘லோகஸ் ஸ்டாண்டை’ என்றால் ‘நிற்கும் இடம்’. வழக்காட வந்தவனைப் பார்த்து, இங்கு வந்து நிற்க உனக்கு என்ன இடம் என்று கேட்கும் கேள்வி அது. நம் மரபில் இதற்கு வேறொரு விடை இருந்தது. திருவாரூரில் மனுநீதிச் சோழன் அரண்மனை வாயிலில் கட்டிய ஆராய்ச்சி மணியை அசைத்தது ஒரு பசு. நீ யார், உனக்கு நிற்க இடமுண்டா என்று வாயிற்காவலர் வினவவில்லை. கன்றை இழந்தது என்பதே அதற்குரிய இடமாயிற்று. அச்சோழனுக்குச் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சிலை வைத்திருக்கிறார்கள். சிலையைக் கடந்து உள்ளே செல்லும் வழக்கறிஞர்கள்தாம் லோகஸ் ஸ்டாண்டை பற்றி மணிக்கணக்கில் வாதிடுகிறார்கள்!

இனி நம் பொருளின் நடுவிடத்துக்கு வருவோம். ‘ஆடி ஆல்டெரம் பார்ட்டெம்’ என்பது மூன்று சொற்கள். ‘ஆடி’ என்பது நம் ஆடி மாதம் அன்று. ‘கேள்’ என்னும் ஏவல். ‘ஆல்டெரம் பார்ட்டெம்’, மறுபக்கத்தை. ஒருவனுக்குத் தீங்கு பயக்கும் முடிவை எடுக்குமுன் அவன் சொல்வதையும் கேள் என்பதே இதன் கருத்து. சிலப்பதிகாரம் பயின்றவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. பொற்கொல்லன் சொன்னதைக் கேட்ட பாண்டியன், கோவலனை அழைத்து ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால், சிலம்பை உடைத்துப் பார்ப்பதற்கு அன்றே வழி பிறந்திருக்கும். மறுபக்கம் அவைக்கு வந்து பேசியபோது கோவலன் உயிரோடில்லை. தவறு தெரிந்த கணத்தில் அரசனும் உயிரோடில்லை.

ஆங்கிலச் சட்டத்தில் இவ்விதி ஒரு வீட்டைக்கொண்டே நிலைபெற்றது என்பது நமக்குக் குறிப்பாக நினைக்கத்தக்கது. இலண்டனைச் சேர்ந்த வாண்ட்ஸ்வொர்த் பகுதியில் கூப்பர் என்பவர் வீடு கட்டத் தொடங்கினார். கட்டுமுன் வட்டார வாரியத்துக்கு ஏழு நாள் முன்னறிவிப்புத் தரவேண்டும். அது தரப்படவில்லை என்று வாரியம் கருதியது. அவ்வாறாயின் வீட்டை இடிக்கலாம் என்று சட்டமே சொன்னது. வாரியமும் ஆள் அனுப்பி, இரண்டாம் மாடி வரை எழுந்திருந்த சுவர்களை இடித்துத் தள்ளியது. 1863-இல் நீதிமன்றம் கூப்பருக்கு இழப்பீடு வழங்கியது. இடிக்கும் அதிகாரம் வாரியத்துக்கு உண்டு. ஆனால் இடிக்குமுன் அவரைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவேண்டும் என்று சட்டத்தில் எழுதப்படாவிடினும், அவ்விடைவெளியைப் பொதுநீதி நிரப்பும் என்றனர் நீதிபதிகள். ஆதாமை ஏதேனிலிருந்து வெளியேற்றுமுன் இறைவனே அவனை அழைத்து வினவினான் அல்லவா என்னும் பழைய மேற்கோளும் அவ்வழக்கில் எடுத்துக்காட்டப்பட்டது.

நூற்றிருபது ஆண்டுகள் கழித்து அதே கேள்வி பம்பாய் நடைபாதையில் எழுந்தது.

சேலம் மாவட்டத்தில் மழை பொய்த்து வேலையற்றுப்போன நிலமற்ற கூலியாள் ஒருவர், 1961-இல் பம்பாய் வந்தார். தகிசரில் ஓர் இரசாயனத் தொழிற்சாலையில் நாட்கூலி கிடைத்தது. நடைபாதையில் நெகிழித் தாளும் கித்தானும் கொண்டு மறைத்த ஓர் இடத்துக்காகப் பேட்டைத் தலைவன் ஒருவன் அவரிடம் 2,500 ரூபாய் பறித்தான். அங்கே மனைவியோடும் மூன்று பெண்மக்களோடும் அவர் குடியிருந்தார். 1981 ஜூலை 13 அன்று அன்றைய முதலமைச்சர் ஏ. ஆர். அந்துலே, நடைபாதைவாசிகள் யாவரும் வெளியேற்றப்பட்டு அவரவர் சொந்த ஊருக்கே அனுப்பப்படுவர் என்று அறிவித்தார். ஜூலை 23 அன்று அவருடைய குடில் பிரிக்கப்பட்டது. மழைக்காலத்தின் நடுவில், குடும்பத்தோடு சேலத்துக்குப் பேருந்தேற்றப்பட்டார். மனைவியும் மக்களும் சேலத்தில் தங்கிவிட்டனர். அவர் மட்டும் வேலை தேடி மீண்டும் பம்பாய்க்கே வந்து, மீண்டும் ஒரு நடைபாதையில் இடம் பிடித்தார். இவையெல்லாம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே எழுதப்பட்டுள்ள செய்திகள்.

ஓல்கா டெல்லிஸ் என்னும் பத்திரிகையாளர் அவரோடு சேர்ந்து உச்ச நீதிமன்றம் சென்றார். வழக்குக்கு அவர் பெயரே நின்றது. உடன் விசாரிக்கப்பட்ட மற்றொரு வழக்கின் தலைப்பில் நிற்பதும் ஒரு தமிழ்ப் பெயரே. மேற்கு விரைவு நெடுஞ்சாலையருகே, நீர்க்குழாய் பதிக்க வந்த தொழிலாளர்கள் 1960-ஐ ஒட்டி அமைத்த குடியிருப்பைச் சேர்ந்தவர்கள் அவ்வழக்கினர். அக்குடியிருப்பின் பெயர் காமராஜ் நகர். நடைபாதைவாசிகளுக்காகப் பத்திரிகையாளரும் மக்கள் உரிமைக் கழகத்தாரும் வந்து நின்றதை நீதிமன்றம் தடுக்கவில்லை. குடியிருக்க இடமில்லாதவர்க்கு நிற்க இடம் கிடைத்தது.

வழக்கின் மையத்தில் இருந்தது 1888-ஆம் ஆண்டுப் பம்பாய் மாநகராட்சிச் சட்டத்தின் 314-ஆம் பிரிவு. பொதுவழியில் எழுப்பப்பட்டதை ஆணையர் ‘அறிவிப்பின்றி’ அகற்றலாம் என்கிறது அது. மறுபக்கத்தைக் கேட்கவேண்டாம் என்று எழுத்திலேயே சொல்லும் பிரிவு. 1978-இல் மேனகா காந்தியின் கடவுச்சீட்டு வழக்கில், உயிரையும் உரிமையையும் தொடும் நடைமுறை எதுவாயினும் அது நேர்மையானதாக இருத்தல் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் முன்பே கூறியிருந்தது. 1985 ஜூலை 10 அன்று, தலைமை நீதிபதி ஒய். வி. சந்திரசூட் ஐவர் அடங்கிய ஆயத்தின் சார்பில் தீர்ப்பை வழங்கினார். ஜபல்பூர் வழக்கில் பெரும்பான்மையோரோடு சேர்ந்து கதவை அடைத்தவர்களுள் அவரும் ஒருவர். ஐவருள், சோலையார்பேட்டையில் பிறந்தவரும், தாழ்த்தப்பட்ட வகுப்பிலிருந்து உச்ச நீதிமன்றம் ஏறிய முதல் நீதிபதியுமான ஏ. வரதராசனும் இருந்தார்.

பிழைப்பின்றி உயிர் இல்லை. ஆதலின் உயிர்வாழும் உரிமையுள் பிழைப்புரிமையும் அடங்கும் என்றது தீர்ப்பு. 314-ஆம் பிரிவைப் பற்றி அது கூறியது நுட்பமானது. ‘அறிவிப்பின்றி அகற்றலாம்’ என்பது விருப்புரிமையேயன்றி, ‘அறிவிப்பின்றியே அகற்றுக’ என்னும் கட்டளையன்று. அறிவிப்புத் தருவதே பொதுவிதி. காலந்தாழ்த்த இயலாத அரிய வேளைகளில் மட்டுமே அதைத் தவிர்க்கலாம். கூப்பர் வழக்கின் குரலை ஈண்டு மீண்டும் கேட்கிறோம்.

ஆனால் தீர்ப்பின் மறுபாதியையும் மறைக்காமல் சொல்லவேண்டும். நடைபாதையில் குடியிருக்க யாருக்கும் உரிமையில்லை என்றும் அது கூறியது. ஆணையர் அவர்களைக் கேட்டிருக்க வேண்டும், உண்மையே; ஆயினும் தாமே நெடிது கேட்டுவிட்டமையால் மீண்டும் கேட்கச் சொல்வதில் பயனில்லை என்றனர் நீதிபதிகள். நான்காண்டு வழக்காடியவர்களுக்கு இது எவ்வாறு ஒலித்திருக்கும்! கிடைத்தவை சில காப்புகள். 1976 கணக்கெடுப்பில் பதிவு பெற்றோர்க்கு மாற்று நிலம் தரவேண்டும். எனினும் அதைத் தந்த பின்னரே அகற்றவேண்டும் என்பதில்லை. 20 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பேட்டைகளைப் பொதுத்தேவைக்கன்றி அகற்றலாகாது. மழைக்காலம் கழியும்வரை, அதாவது அவ்வாண்டு அக்டோபர் 31 வரை, எதையும் இடிக்கலாகாது.

எனினும், கேட்கப்படுதல் என்பது வீண்போகவில்லை. தீர்ப்பு வந்த அவ்வாண்டிலேயே ஸ்பார்க் என்னும் அமைப்பு நடைபாதைவாசிகளைக் கணக்கெடுத்து, அவர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள், என்ன தொழில் செய்கிறார்கள் என்று நூலாக வெளியிட்டது. அற்புதத்தின் கூட்டமைப்பும் அதனோடு கைகோத்தது. நடைபாதையிலும் இரயில் பாதையோரத்திலும் இருந்த குடும்பங்களுள் பல, பிற்காலத்தில் மாற்று வீடு பெற்று வந்து சேர்ந்த இடங்களுள் ஒன்று இம்மான்குர்த். ஜனதா காலனியை இழந்த ஊர், பிறர் இழந்த குடில்களுக்கு வீடாயிற்று.

நாள்தோறும் நம்மவர் கையில் வரும் சொற்கள் இரண்டு மூன்றைப் பற்றியும் சொல்லிவிடுவோம். பலர் இவற்றால் இடருற்றிருக்கிறார்கள். எக்ஸ் பார்ட்டி என்றால் ‘ஒரு பக்கத்திலிருந்து’. அழைப்பாணை வந்தபோது நாம் ஊர்க் கோயில் கொடைக்குச் சென்றிருப்போம். தாள் கதவில் ஒட்டப்பட்டு மழையில் கரைந்திருக்கும். நாம் வராமையால் எதிரியின் பக்கத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்பாகிவிடும். அதோடு எல்லாம் முடிந்தது என்று சோர்தல் வேண்டா. அழைப்பாணை முறைப்படி சேரவில்லை என்றோ, வரவியலாமைக்குத் தக்க காரணம் உண்டு என்றோ காட்டி, அத்தீர்ப்பை நீக்குமாறு அதே நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். காலவரை 30 நாள். அழைப்பாணை முறையாகச் சேராதிருந்தால், தீர்ப்பை அறிந்த நாளிலிருந்து அது கணக்கிடப்படும்.

கேவியட் என்பது ‘அவன் விழித்திருக்கக் கடவன்’ என்னும் பொருளது. நம்மேல் ஒருவர் வழக்குத் தொடுத்துத் திடீரென இடைக்கால ஆணை பெற்றுவிடுவார் என்னும் ஐயம் இருந்தால், எம்மைக் கேளாமல் ஆணை வழங்கவேண்டா என்று முன்கூட்டியே நீதிமன்றத்தில் பதிந்து வைப்பது இது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 148-அ என்னும் பிரிவாகச் சேர்க்கப்பட்டது. 90 நாள் உயிரோடிருக்கும், பின்னர்ப் புதுப்பிக்கவேண்டும். மக்கள் உரிமைகள் சுருங்கிய அவ்வாண்டிலேயே இந்த நல்ல பிரிவும் பிறந்தது ஒரு விந்தை.

ஸ்டேட்டஸ் கோ, ‘உள்ளது உள்ளவாறு’. இவ்வாணை பெற்றவர்கள் பெரும்பாலும் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: அது இருபக்கத்தாரையும் கட்டும். எதிரி இடிக்கலாகாது, நாமும் அதன்மேல் ஒரு தகரம் கூடப் புதிதாக ஏற்றலாகாது.

ஜபல்பூர்த் தீர்ப்பு 2017 ஆகஸ்டில், அந்தரங்க உரிமை வழக்கில், வெளிப்படையாகவே தள்ளப்பட்டது. தள்ளியவர்களுள் ஒருவர், தலைமை நீதிபதி சந்திரசூட்டின் மைந்தர். 2024 நவம்பர் 13 அன்று, நாட்டின் பல பகுதிகளில் பொறி வண்டிகளால் வீடுகள் இடிக்கப்பட்டமை பற்றிய வழக்கில், நீதிபதிகள் பி. ஆர். கவாய், கே. வி. விசுவநாதன் ஆகியோர் அடங்கிய ஆயம் ஒரு தீர்ப்பு வழங்கியது. அவ்வழக்கின் தலைப்பே ‘இன் ரீ’ என்னும் இலத்தீனில் தொடங்குகிறது. ‘இப்பொருள் குறித்து’ என்பது அதன் கருத்து. காரணம் கேட்கும் அறிவிப்பின்றி எதையும் இடிக்கலாகாது. உள்ளூர்ச் சட்டம் தரும் கால அளவு, அறிவிப்புச் சேர்ந்ததிலிருந்து 15 நாள் என்னும் இரண்டில் எது பிந்தியதோ அதுவரை காத்திருக்க வேண்டும். உரியவரை நேரில் கேட்கவேண்டும் என்று அது விதித்தது.

ஆனால் இவ்விதிகள் செல்லாத இடங்களையும் அத்தீர்ப்பே குறித்திருக்கிறது. சாலை, தெரு, நடைபாதை, இரயில் பாதையோரம், நீர்நிலை ஆகியவற்றில் எழுந்த ஒப்புதலற்ற குடில்களும், நீதிமன்றமே இடிக்கச் சொன்னவையும் அவை. சேலத்திலிருந்து வந்தவர் இருந்ததும் நடைபாதையில்தான். அவ்விடங்களில் குடியிருப்போர் மும்பையில் தமக்குரிய அறிவிப்பைக் கேட்டு நிற்க, 1985-ஆம் ஆண்டுத் தீர்ப்பையே இன்றும் கையில் எடுக்கவேண்டியிருக்கிறது.